தீர்ப்பில் விட்டுப்போன ஓடம்

வீடு எனக்கு. பிக்கப் வண்டி அவனுக்கு.
நாய் மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே
என்று கோர்ட்டில் எழுதிக்கொடுத்தார்கள்.
கொட்டகை உத்தரத்தில் கவிழ்ந்து தொங்கிய
பச்சைக் கானோவை மட்டும்
இரண்டு வக்கீல்களும் மறந்துவிட்டார்கள்.
நாங்களும் வாய் திறக்கவில்லை.

ஆகவே ஜூலையில் ஒரு நாள்
டுவேன் மிச்சிகன் கரையிலிருந்து பாலம் தாண்டி வருகிறான்.
ஒரு பை ஐஸ், இரண்டு துடுப்பு,
பேசக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்று மண்டைக்குள்.
மெனோமினி ஆற்றுக்குக் கரை பேதம் கிடையாது.
நடுவில் எந்த மாநிலத்து லைசென்சும் செல்லும்.

சட்டம் பழையதுதான்.
ஒருவர் பின்னால் இருந்து துடுப்புப் போடவேண்டும்,
ஒருவர் முன்னால் இருந்து வீசவேண்டும்.
மீன் பிடித்தவர் பின்னால் போய்விட வேண்டும்.
பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில்
நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தது
இது ஒன்றுதான்.

பாப்பர் நான் கட்டியது.
மான்மயிரைக் கொக்கியில் இறுக்கிப் பிளேடால் சிரைத்து,
மூக்குக்கு மஞ்சள், ஆறு ரப்பர் கால்.
தவளைக்கும் வெட்டுக்கிளிக்கும் நடுவில்
எவனோ அவசரத்தில் படைத்த பிராணி.

சின்னவாயன் என்று அந்த பாஸுக்குப் பேர் வைத்தவர்
அது திறந்து பார்த்ததில்லை போலும்.

பாறைக்குப் பின்னால், நுரை சுற்றுகிற இடத்தில்
டப் என்று விழவேண்டும்.
வட்டம் விரியும். விரிந்து, மெலிந்து,
அங்கே வட்டம் இருந்ததே இல்லை என்று ஆகும்வரை
எதுவும் செய்யக்கூடாது.
எதுவும் என்றால் எதுவும்,
கழுத்தில் கொசு உட்கார்ந்தாலும்.
பிறகு ஒரு சின்ன இழுப்பு. மறுபடி சும்மா.

டுவேனுக்கு இது வரவே இல்லை.
நான் கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்கிறவன்
மீன் வாயை மூடுமுன் கோலைத் தூக்கிவிடுவான்.
பாப்பர் என் காதை உரசிக்கொண்டு பின்னால் பறக்கும்.
தண்ணீரில் ஒரு குழி மட்டும் மிச்சம்,
தொடர்ந்து கெட்டவார்த்தை ஒன்று.

இன்று நாலு மணி, காற்றே இல்லை.
காகித ஆலையின் புகை நேராக மேலே போகிறது.
அவன் வீசினான். நல்ல வீச்சு, ஒத்துக்கொள்கிறேன்.
திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"கானோவுக்கு ஒருத்தன் முந்நூறு டாலர் தர்றேங்கிறான்.
வித்துடலாமா, ரௌஹா?"

அதுவும் டப் என்றுதான் விழுந்தது.

நான் துடுப்பை மடியில் வைத்தேன்.
பாப்பரின் முதுகில் ஓர் ஊசித்தும்பி வந்து அமர்ந்தது,
நீல நூல் ஒன்று காற்றில் கிடப்பதுபோல.
வட்டம் போய்விட்டது. அவன் இழுக்கவில்லை.
வாழ்க்கையில் முதல் தடவையாக
அவன் என் பதிலுக்குக் காத்திருக்கிறான் என்று
அவன் பிடரியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தண்ணீர் ஒரு மூடியைத் திறந்து மூடியது.
அவ்வளவுதான் சத்தம்.
தும்பி இல்லை. பாப்பர் இல்லை.
அப்போதும் அவன் தூக்கவில்லை. பிறகு தூக்கினான்.

வெண்கலக் குடம் ஒன்றை யாரோ ஆற்றுக்கடியிலிருந்து
கோபத்தில் எறிந்த மாதிரி வந்தது.
இரண்டு முறை. மூன்றாவது முறை எங்கள் மேலேயே தண்ணீர்.
கைக்கு வந்தபோது சிவப்புக் கண்ணால்
என்னைத்தான் முறைத்தது,
பிடித்தவனை விட்டுவிட்டு.

ஈரக் கையால் தாங்கி, கொக்கியை நெகிழ்த்தி விட்டான்.
வாலால் ஓர் அறை. போய்விட்டது.

இடம் மாறவேண்டும்.
ஓடம் ஆடாமல் இடம் மாற ஒரே வழிதான்:
நான் குனிந்து தவழ,
அவன் காலை அகட்டி என்னைத் தாண்ட வேண்டும்.
ஐம்பத்திமூன்று வயதில் இதில் கௌரவம் எதுவும் இல்லை.
"முட்டி," என்றேன்.
"தெரியும்," என்றான்.

முன்னால் உட்கார்ந்து வீசினேன்.
அவன் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
என் வட்டம் மெலிவதை
இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இறங்குதுறையை அரை மைல் தாண்டிய பிறகுதான் தெரிந்தது,
யாரும் துடுப்புப் போடவில்லை என்று.

எதிர்நீரில் திரும்பிவர
இரண்டு பேரும் போடவேண்டியிருந்தது.
மூச்சு வாங்கியது.
முந்நூறு டாலரைப் பற்றிப் பேச
ஒருவருக்கும் காற்று மிச்சமில்லை.