இரண்டாயிரத்து இரண்டின் கோதுமை

கொஸ்தனாய்க்கு வடக்கே
தானியக் கிடங்கின் எடைமேடை.
அதன் ஓரம் ஒரு தகர அறை,
உள்ளே நானும் ஒரு பழைய கணினியும்.
கண்ணாடிக்கு அப்பால் லாரிகள்
வரிசையாக வெண்மூச்சு விட்டுக்கொண்டு.

அக்டோபர் பன்னிரண்டு, காலை ஆறரை.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
கூட்டுத்தொகை பிழை, எஃப் ஒன்றை அழுத்து.
அழுத்தினேன்.
முதல் லாரி அஸ்ஹத்துடையது.
மேடையில் ஏறி நின்றது.
இரும்பும் கோதுமையுமாக நாற்பது டன்,
திரையில் சுழி.

தராசின் கம்பி வந்து சேரும் துறையை
அது மூடிவைத்திருந்தது,
பெட்டியைப் பிரித்த நாளில் போல
எங்கள் யாரையும் தெரியாமல்.
தேடித் திறந்துவிட்டேன். எடை வந்தது.
தேதியைப் பார்க்க மறந்தேன்.

சீட்டை வாசித்துச் சிரித்தான் அஸ்ஹத்:
"ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து இரண்டா?
அக்கா, நான் பிறக்கவே
இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.
அதற்குள் இருபத்தெட்டு டன் இறக்கிவிட்டேன்!"

மறுநாளும் ஜனவரி ஒன்று.
அதற்கு அடுத்த நாளும்.
பேனாவால் அடித்து அடித்து எழுதினேன்.
அஸ்தானாவிலிருந்து கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது:
கம்பெனி தொடங்குவதற்கு முன்பே
கம்பெனி கோதுமை வாங்க முடியாது.

கெனாதி தொலைபேசியில் சொன்னான்:
பலகையில் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கும்,
பத்து டெங்கே நாணயம் அளவு.
செத்திருக்கும்.
போன வாரம்வரை நன்றாகத்தானே இருந்தது?
"அப்படியானால் போன வாரம் என்ன மாறியது,
அதைப் பார்."

மாறியது காவல்காரர்.
தொலெகென் வேலைக்குச் சேர்ந்தது
பதினொன்றாம் தேதி இரவு.
நான் கிளம்பியதும்
சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார்.
கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.
அவர் இடது கையுறையைக் கழற்றினார்,
புறங்கை முழுக்க வெந்து இறுகிய தோல்.
"ருத்னியில் ஒரு கொட்டகை. ஹீட்டர் வயர்."
திரும்ப மாட்டிக்கொண்டார்.

அன்றிரவு சுவிட்ச் அணையவில்லை.
பெட்டியின் பின்னால் பச்சைப் புள்ளி ஒன்று
விடியும்வரை விழித்திருந்தது.
காலையில் தேதி சரி.
பார்த்தாயா, எல்லாம் புது ஆள் செய்த வேலை
என்றார்கள் கிடங்கில்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்குத்தான் உறுத்தியது.
பேட்டரி செத்தது எப்போது?
கெனாதி கணக்குப் போட்டுச் சொன்னான்,
இரண்டு வருடம், மூன்றும் ஆகியிருக்கலாம்.
மூன்று அறுவடை!
சுவரிலிருந்து கசிந்த மின்சாரத்தைக் குடித்து
நாள் தவறாமல் நடந்திருக்கிறது கடிகாரம்.
ஞாபகம் என்று அதை நம்பி
நான் முத்திரை குத்தியிருக்கிறேன்.

நவம்பரில் பனிப்புயல்.
ஊரே இருண்டு விடிந்தபோது
மறுபடி இரண்டாயிரத்து இரண்டு.

மூடியைக் கழற்றினேன்.
உமி, தூசி, இறக்கை உதிர்ந்த இரண்டு அந்துப்பூச்சி.
மீட்டரின் முனைகளை வைத்தால்
ஒன்று புள்ளி ஒன்பது.
மூன்று இருக்க வேண்டும்.
ஊசியால் நெம்பியதும் துள்ளிப்போய்
மேசைக்கடியில் ஓடியது.
தொலெகென்தான் மண்டியிட்டு எடுத்தார்.

புதியது, கார் சாவிக்கு விற்கிற அதே ரகம்.
கூட்டல் குறி மேலே.
தளர்ந்த பித்தளைத் தகட்டைச்
சற்றே வளைத்த பிறகுதான் பிடித்துக்கொண்டது.
தேதி, நேரம், தராசின் துறை,
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"இனி அணைக்கலாம்" என்றேன்.
அவர் நகரவில்லை.
நான் கோட்டு மாட்டி, தொப்பி கட்டி,
கதவுவரை போன பிறகு
இன்னொருமுறை என்னைப் பார்த்துவிட்டு அணைத்தார்.
பச்சைப் புள்ளி உடனே போகவில்லை.
நின்று, மங்கி, பிறகு.

காலை. நவம்பர் இருபத்தொன்று, ஆறு முப்பத்தொன்று.
என் கைக்கடிகாரம்தான் ஒரு நிமிடம் பின்.
அஸ்ஹத் ஏமாந்துபோனான்,
அம்மாவுக்குக் காட்ட
பழைய தேதியில் இன்னொரு சீட்டு கேட்டான்.

சன்னலோரம் கிடந்த செத்த பேட்டரியை
தொலெகென் எடுத்து, சட்டையில் துடைத்து,
நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார்.
முகம் சுளித்தது.
"இருக்கிறது" என்றார்,
"கொஞ்சம்."