நடுப் பெடல்

எட்மண்டனில் ஜனவரி பிறந்தால் எனக்கு அறுவடை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஹீட்டர் காற்று
மரத்தின் ஈரத்தை உறிஞ்சிக் குடிக்க,
ஊரிலுள்ள பியானோ எல்லாம்
பேசி வைத்ததுபோல் சுருதி இறங்கும்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
இரண்டு கம்பிகள் தங்களுக்குள் போடும் சிறு சண்டை,
அதன் அலை, அது அடங்கும் கணம்:
நான் கேட்பது அவ்வளவுதான்.
மீதியைச் சுத்தியல்கள் சொல்லும்.
கம்பளி போர்த்திய எண்பத்தெட்டுச் சுத்தியல்கள்.
சுவரில் மாட்டிய சான்றிதழ் ஆயிரம் சொல்லட்டும்,
எந்தச் சுத்தியல் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால்
டீச்சர் யாரென்று தெரிந்துவிடும்.

ஒக்ஸானா ஹ்ரித்சாக், எண்பத்திரண்டாம் தெரு.
ல்விவ் நகரத்தில் பதினோரு வருஷம் படித்தவர்.
பிள்ளைகளின் புறங்கையில்
இருபத்தைந்து சென்ட் நாணயம் ஒன்றை வைப்பார்.
விழாமல் ஸ்கேல் ஏறி இறங்க வேண்டும்.
விழுந்ததெல்லாம்
கட்டை இடுக்கு வழியே உள்ளே போய்விடும்.
போன வாரம் நாலே முக்கால் டாலர் பொறுக்கிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்தார்.
"பத்தொன்பது தோல்வி. போன வருஷத்தைவிடக் குறைவு."
அதில் சாக்லெட் வாங்குவாராம்,
தோற்றவர்களுக்கு.

டேரில் மக்வார்ட் நோட்டுப் பார்த்துப் படித்தவரில்லை.
ஜாஸ்பரில் ஒரு ஹோட்டல் பாரில்
இருபது குளிர்காலம் வாசித்தவர்.
பாடம் தொடங்கும்போது விளக்கை அணைத்துவிடுவார்.
"அங்கே என் விரலை யார் பார்த்தார்கள்?
நானே பார்த்ததில்லை."
அவர் வீட்டுக் கறுப்புக் கட்டைகளின் ஓரம் மட்டும்
மழுங்கி, சோப்புத் துண்டுபோல் இருக்கும்.
இருட்டில் தடவித் தடவி
வழி கேட்ட விரல்கள்.

மில் வுட்ஸில் சுகிர்தமலர் யோவான்பிள்ளை.
மட்டக்களப்பு கான்வென்டில் படித்தது,
எட்டாம் கிரேடு, டிஸ்டிங்ஷன்,
கண்ணாடிச் சட்டத்துக்குள், கடல் காற்றில் கொஞ்சம் அரித்தபடி.
தாளம் சொல்லித்தர அவருக்கு மெட்ரோனோம் வேண்டாம்.
நாலுக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட.
குர்னூர் என்ற ஆறு வயதுக்காரி
தகிட தகிட என்றபடியே
வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றுவாள்.

ஒன்பது வருஷமாக அந்தப் பியானோவை எனக்குத் தெரியும்.
நடுவில் இரண்டு ஸ்தாயி நைந்து கிடக்கும்,
சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடம்.
இடது ஓரம் கடையில் இருந்து வந்த கோலத்திலேயே.
ஒருமுறை கேட்டேன்.
"இப்ப நான் வாசிக்கிறேல்ல தம்பி.
சொல்லிக் குடுக்கிறதோட சரி."
தேநீரில் சீனி கூடிப்போன மாதிரி
பேச்சை அங்கேயே வைத்துவிட்டார்.

இந்த ஜனவரி முகப்புப் பலகையைத் திறந்தேன்.
இடது ஓரச் சுத்தியல்களில்
கம்பியின் தடம், ஆழமாக, புதிதாக.
நடுப் பெடலை மிதித்தால்
சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையில்
ஒரு கம்பளித் திரை இறங்கும்,
பக்கத்து வீடு தூங்குவதற்காக.
அந்தத் திரை இடது முனையில்
கிழிந்து நாராகத் தொங்கியது.
பிள்ளைகளின் கால் எட்டாத பெடல்.

"டீச்சர், இதை யார்..."

"பூனையா இருக்கும்" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பூனை சோபாவுக்குக் கீழே கிடந்தது.
பதினாறு வயது.
சோபாவில் ஏறுவதற்கே
யாராவது தூக்கிவிட வேண்டும்.
ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது,
பழியை ஏற்றுக்கொள்வதுபோல.

புதுத் திரை தைத்தேன்.
இடது முனைக்கு மட்டும் இரண்டு மடிப்பு.
ஆழக் கம்பிகளை வழக்கத்தைவிட
நெடுநேரம் கேட்டேன், சண்டை முற்றாக ஓயும்வரை.
அவர் சமையலறையில்
கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

பில்லில் எழுதினேன்:
சுருதி சேர்த்தது, நூற்றெண்பது.
கம்பளி ஒரு துண்டு, இலவசம்.
காரணம்: பூனை.