படிவம் 317

"இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள், டாக்டர் நெரிஸ்?"
நிதிக்குழு கேட்டது.
அதற்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறேன்,
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.
மாட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

நடந்தது வேறு.
ஸ்வான்ஸீ மருத்துவமனைக் கீழ்த்தளத்தில்
மணிக்கூலிக்குப் படிவங்களைக் கணினியில் ஏற்றிய வருடம்.
மனச்சோர்வை அளக்கச் சில கேள்விகள்.
பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று.
வெளியே மழை.
ஸ்வான்ஸீயில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முந்நூற்றுப் பதினேழாம் படிவத்தில்
எண்களே இல்லை.
ஓரமெங்கும் பென்சில், எறும்பு எழுத்து.
கடந்த இரண்டு வாரங்களில் என்றால்
எந்தக் கிழமையிலிருந்து?
இரண்டாம் வாரம் என் பூனை இறந்தது, அதைச் சேர்ப்பதா?
சோர்வு என்பது உடம்பில் எந்த இடம்?
சாவதே மேல் என்று நினைத்ததுண்டா என்ற கேள்விக்கு எதிரே
நினைக்கவில்லை. கணக்குப் போட்டேன்.

மேற்பார்வையாளர் எம்ரிஸ் எட்டிப் பார்த்தார்.
"விடுபட்ட தரவு. நீக்கிவிடு."
நல்ல மனிதர்தான்.
பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

நான் நீக்கினேன்.
இதை எங்கேயும் சொன்னதில்லை.
பிறகு தொலைபேசியை எடுத்தேன்.
வைத்தேன்.
எடுத்தேன்.

கெத்தின் ப்ரோபர்ட், துறைமுகத்தில் சரக்குப் பதிவாளர்.
"என்ன கணக்கு?" என்று கேட்டேன்.
அவர் குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை,
பேரேடு வாசிப்பது போல:
நான் போய்விட்டால் பூனைக்கு யார் சோறு வைப்பது,
அதுதான் கணக்கு.
பதினோரு வருடமாக விடை வரவில்லை.
இப்போது பூனை இல்லை.

செவிலியும் நானும் போனபோது
தேநீர்க் கோப்பைகளைக் கைப்பிடி ஒரே திசையில் பார்க்க
அடுக்கிக்கொண்டிருந்தார்.
ஆறையும் அடுக்கி முடிக்கும்வரை
நாங்கள் நின்றோம்.

ஆட்டிசம் என்ற சொல்
நாற்பத்தொன்றாம் வயதில் அவரிடம் வந்தது,
தபாலில், வீட்டு எண் பிழையாக.
பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

இப்போது நான் எழுதும் ஒவ்வொரு கேள்வியும்
முதலில் அவர் மேசைக்குப் போகிறது.
சம்பளப் பட்டியலில் அவர் பெயர் உண்டு.
'அடிக்கடி' என்பதை வெட்டி 'வாரத்தில் எத்தனை நாள்' என்கிறார்.
'பொதுவாக' என்ற சொல்லை
எங்கே கண்டாலும் அடிக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை வந்த கட்டில்
ஒரு கேள்வியை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்.
நீங்கள் இல்லாவிட்டால் யார் கவனிப்பார்கள் என்று எண்ணுகிறீர்கள்?

பென்சில் தடம் இல்லை.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்,
அழித்த தடமும் இல்லை.
திங்கட்கிழமை கேட்க வேண்டும்.
இல்லை, இன்றைக்கே.