காற்று உறுதி செய்யவில்லை

இருபத்தாறு பேர் வருவதாகச் சொன்னார்கள்.
நால்வர் சைவம், ஒருவருக்குப் பால் ஆகாது,
பூபாலனுக்குக் கீழ்க்கட்டில் வேண்டும், முழங்கால்.
எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி
எதிரெதிரே டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.
கடைசி வரியில் காற்று என்றிருந்தது.
அங்கே மட்டும்
பேனா நின்றுவிட்டது.

புல்வரில் கிழக்குச் சரிவு எங்களுடையது,
அதாவது ஃபூரி அம்மாளுடையது.
கேட் சாவிக்கு இருநூறு ரேண்ட்,
மாட்டின் மேல் விமானம் விழுந்தால் தனிக் கணக்கு.
மோட்டார் இல்லாத விமானங்கள்.
சரிவில் மோதி மேலேறும் காற்றுதான் எஞ்சின்.
அது முகத்துக்கு நேரே வர வேண்டும்.
முதுகுப் பக்கமிருந்து வந்தால்
மலையே பிடித்துக் கீழே அமுக்கும்.

டர்பனில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நான்கு காற்றுக்கும் பெயர் படித்திருக்கிறேன்:
கிழக்கே கொண்டல், மேற்கே கோடை,
வடக்கே வாடை, தெற்கே தென்றல்.
இந்த நாட்டில் பாதிதான் செல்லுபடியாகும்.
டிராக்கன்ஸ்பெர்க்கைத் தாண்டி இறங்குவது
அசல் கோடை, ஜூலையிலும் உதட்டை வெடிக்கவைக்கும்.
ஆனால் தென்றல் என்று இங்கே யாராவது சொன்னால்
போர்வையைத் தேடுங்கள்.
அது பனிப்பாறைகளின் பக்கமிருந்து வருகிறது.

மூன்று வானிலை அறிக்கை பார்த்தேன்.
ஒன்று வெயில் என்றது, ஒன்று மழை.
மூன்றாவது நாற்பது சதவீதம் என்றது.
எதில் நாற்பது என்று சொல்லவில்லை.

வெள்ளி இரவே கோடை.
சனி முழுக்கக் கோடை.
ந்துடுஸோ மட்டும் பொறுக்காமல்
புதிதாக ஒட்டிய சிவப்பு இறக்கையை வீசினான்.
பத்து மீட்டர் போனது,
யாரோ பிடரியில் அறைந்தாற்போல் குப்புற விழுந்தது.
மற்றவர்கள் கூடத்துக்குத் திரும்பித் துனீ சீட்டு ஆடினார்கள்.
சைவ பிரியாணியை
அசைவக்காரர்களே காலி செய்தார்கள்.
"போன வருஷம் யார் ஏற்பாடு?
அப்போ காற்று நன்றாக இருந்ததே"
என்று ஒரு குரல், சீட்டிலிருந்து தலை தூக்காமல்.

ஞாயிறு விடியும்போது தெற்கு புகுந்தது.
மழை படுக்கைவாட்டில் வந்தது.
மதியம் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்ப
கேட்டருகே குடையோடு நின்று
ஜன்னல் ஜன்னலாக மன்னிப்புக் கேட்டேன்.
ஒருவரிடம் ஐம்பது ரேண்ட் திருப்பி நீட்டினேன்,
மறுப்பார் என்று நினைத்து.
வாங்கிக்கொண்டார்.

மூன்றரைக்குப் பூட்டைத் தேடிக் குனிந்தபோது
கம்பத்தில் கட்டிய நாடா
கன்னத்தில் உரசியது.
இரண்டு நாளாக மறுபக்கம் பறந்த நாடா.
நிமிர்ந்தேன். மழை இல்லை.
கிழக்கு.

மிச்சமிருந்தது மூன்று பேர்.
ந்துடுஸோ, டேப் சுற்றிய சிவப்பு இறக்கையோடு.
பூபாலன், முழங்கால் விடாததால் இன்னும் மூட்டை கட்டி முடிக்காதவர்.
நான். என் பேட்டரியை இரவல் வாங்கியவர்
இந்நேரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியிருப்பார்.

"என்னால் ஓட முடியாது, நீ வீசு"
என்று மூன்று மீட்டர் இறக்கையைத் தந்தார் பூபாலன்.
கை ஓங்கி இரண்டடி வைத்தேன்.
வீசவே இல்லை, விரலைத் திறந்தேன்.
காற்று வாங்கிக்கொண்டது.

அது மேலே போன விதத்தை எழுத வரவில்லை.
படி ஏறுவது போல் இல்லை.
தண்ணீரில் அமுக்கிய பந்தை விட்டால் எழுமே,
அதுவும் கொஞ்சம்தான் சரி.
பக்கத்தில் சிவப்பு, கோணலாக,
ந்துடுஸோவின் சிரிப்பு அதைவிடக் கோணலாக.

கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள்,
நோட்டில் இரண்டையும் எழுதவைத்தார்கள்.
பள்ளத்தாக்கிலிருந்து வெண்மை ஏறி வந்தது,
முதலில் மாடுகளை எடுத்தது, பிறகு வேலியை,
பிறகு மேலே இருந்த இரண்டையும்.
மூவரும் ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தோம்.
இறக்கை காற்றை அறுக்கும் சீழ்க்கை மட்டும்
இடமாக, வலமாக, நெருங்கி.
காதை வைத்தே இறக்கினார் பூபாலன்.
ஈரப்புல்லில் வயிறு உரசும் சத்தம்.

சாவி கொடுக்கப் போனேன்.
"பறந்ததா?" என்றார் ஃபூரி அம்மாள்.
"முப்பத்தைந்து நிமிஷம்."
"மாடு?"
"ஒன்றும் ஆகவில்லை."
கையில் இருந்த தாளைப் பார்த்தார்,
நனைந்து மசி கரைந்து
எந்த டிக் யாருடையது என்றே தெரியவில்லை.
"அடுத்த வருஷமும் ஜூலைதானே?"