லேஸ் கணக்கு

ஃபுஜைரா மலைக்குப் பின்பக்கம்
போலீஸ் பயிற்சிப் பள்ளியில்
பூட்ஸ் ஸ்டோர் என்னுடையது.
என்னுடையது என்றால் சாவி.
மற்றதெல்லாம் அரசாங்கத்தினுடையது,
நான் உட்காரும் ஸ்டூல் உட்பட.

ஜனவரியில் புது ஆட்கள் வருவார்கள்.
டிப்பாவிலிருந்து மீன்காரர் மகன்,
யேமன்காரன் அப்துல் பாரி,
பலூச்சி பேசும் இரட்டையர்,
அப்பா கொமொரோஸ் தீவு என்று
மெதுவாகச் சொல்லும் ஒருவன்.
முதல் நாள் யாருக்கும் தன் கால் அளவு தெரியாது.
சொல்கிற எண்ணில் கொஞ்சம் பெருமை கலந்திருக்கும்.
நாற்பத்துநாலு என்பான் நாற்பத்திரண்டுக்காரன்.
நான் எதிர்த்துப் பேசுவதில்லை.
மூன்றாம் நாள் அணிவகுப்பு முடிந்து
குதிகால் உரிந்து அவனே வருவான்.

போன வருஷம் பெண்கள் பிரிவு தொடங்கியது.
பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள்.
படத்தில் முழங்காலுக்குக் கீழே இல்லை.
என் அலமாரியில் ஆகச் சிறியது முப்பத்தொன்பது.
ஷம்சாவின் கால் முப்பத்தாறு.
இரண்டு சாக்ஸ், முனையில் செய்தித்தாள்
(அந்தப் படம் வந்த அதே தாள்)
திணித்துக்கொண்டு ஆறு வாரம் ஓடினாள்.
நான்கு முறை இண்டென்ட் எழுதினேன்.
'சிறுவர் அளவு கொள்முதலில் இல்லை.'
ஐந்தாவதை அவளே எழுதினாள், அரபியில்.
என்ன எழுதினாளோ,
பதினோராம் நாள் லாரி வந்தது.
பழைய ஜோடியைத் திருப்பித் தந்தபோது
உள்ளே தாள் மாவாகியிருந்தது.

காலணி மாற்றும் படிவத்தில்
காரணம் என்ற கட்டத்துக்கு மூன்றே பதில்:
தேய்மானம். அளவு. தயாரிப்புக் குறை.
சார்ஜென்ட் கல்ஃபான் கொண்டுவந்த ஜோடிக்கு
நாலு மாதம்கூட ஆகவில்லை.
வாதியில் வெள்ளம் வந்த வாரம்.
ஒரு காரை இழுத்து மேலே போட்டார்கள் என்று
கேள்விப்பட்டிருந்தேன்.
காருக்குள் யார் என்று கேட்கவில்லை.
'கனக்கிறது' என்றார்.
பார்சல் தராசில் வைத்தேன்.
புது ஜோடியையும் வைத்தேன்.
முள் ஒரே இடத்தில் நின்றது.
இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
இன்னும் கொஞ்சம் நகரும் என்பது போல.
'அளவு' என்று எழுதினேன்.
நாற்பத்துமூன்றைக் கொடுத்துவிட்டு
நாற்பத்துமூன்றை வாங்கிப் போனார்.

அதற்கப்புறம்தான் பக்கத்து அறைக்கு
வெள்ளை அடித்தார்கள்.
மனநல ஆலோசனை.
சோபா ஒன்று, பிளாஸ்டிக் செடி ஒன்று,
கதவில் சிரிக்கிற முகம்,
'பேசுங்கள்' என்று அரபியிலும் உருதுவிலும்.
கதவோ மைதானத்தைப் பார்த்தது.
யார் உள்ளே போனாலும் நானூறு பேருக்குத் தெரியும்.

அதனால் என்னிடம் வந்தார்கள்.
லேஸ் அறுந்துவிட்டது என்பார்கள்,
அறாத லேஸைக் கையில் சுற்றிக்கொண்டு.
ஒருவன் கவுன்ட்டரில் கன்னம் வைத்துத் தூங்கினான்.
ஒருவன் மகளின் காய்ச்சலைச் சொன்னான்,
பிறகு மகளுக்குக் காய்ச்சல் இல்லை என்றான்.
அப்துல் பாரி ஒன்றும் சொல்லவில்லை.
பூட்ஸுக்கு எட்டு எட்டாகப் பதினாறு துளை,
கோத்தான், உருவினான், கோத்தான்.
எனக்கு அரபி பாதிதான் வரும்.
அவர்கள் சொன்னதில் பாதிதான் என்னிடம் இருக்கிறது.
அதை எழுதவும் கட்டம் இல்லை.

ஆடிட்டர் கோழிக்கோட்டுக்காரர்.
'ஒரே மாதத்தில் அறுபத்தொரு ஜோடி லேஸா?'
மணல் சார், என்றேன். மணல் அறுத்துவிடும்.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
டிக் போட்டார்.

நேற்று மாலை
பக்கத்து அறை டாக்டர் நூரா வந்தார்.
விளக்கு அணைக்கிற நேரம்.
ஒரு ஜோடி லேஸ் கிடைக்குமா என்றார்.
அவர் காலைப் பார்த்தேன்.
தட்டைச் செருப்பு, வார்கூட இல்லை.
ஸ்டூலை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு
நோட்டை எடுத்தேன்.

கறுப்பு. நீளம் நூற்றிருபது. ஜோடி ஒன்று.
காரணம்:
மணல்.