ஏசல்

காகிதத்தில் ஹேசல்.
ரஃப் கோலி, பெண், நான்கு வயது.
அண்ணாநகர் டாக்டர் வீட்டார் கனடா போனபோது
ஒரு இன்வெர்ட்டர், கிரைண்டர்,
மூன்று மூட்டைத் துணியோடு எங்களிடம் வந்தது.
ஒத்தக்கடை ஒரே நாளில் அதை
ஏசல் ஆக்கிவிட்டது.

"என்ன சாதி நாய்க்கா?"
"கோலி."
"உருட்டி விளையாடுற கோலியா?"
கேட்ட பையன் இப்போது
எங்கள் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான்.
ஓட்டினால்
பின்சக்கரத்தைப் பட்டிக்குத் திரும்பாத ஆடு என்று
எடுத்துக்கொள்கிறது.

சித்திரையில் எங்கள் வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றுதான்,
குளியலறைக் குழாயடி.
அங்கே அது.
குளிக்கிறவர் அதைத் தாண்டி நின்று குளிக்க வேண்டும்.
மொட்டையடித்து விடு என்றார்கள் எல்லோரும்.
கூடாது.
மேல்மயிர்தான் வெயிலுக்குக் குடை,
அடிமயிரை மட்டும் சீப்பில் இழுத்து எடுக்கணும்.
வாரத்துக்கு ஒரு தலையணை அளவு வருகிறது.
மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டும் அணில்
அதில் பாதியைக் கொண்டுபோய்
மதுரை வெயிலில்
கம்பளி மெத்தை போட்டுக்கொண்டது.

உண்ணிக்கு எல்லா நாய்க்கும் போடும் ஊசி
இதற்கு ஆகாது, மூளைக்கு ஏறிவிடும்.
ஃபிரிட்ஜ் கதவில், பால் கணக்குக்கு மேலே,
சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
ஐவர்மெக்டின் கூடாது.
கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சிரித்தார்.
"உங்க மகனுக்கு எது ஒத்துக்காதுன்னு தெரியுமாம்மா?"
பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
தெரியவில்லை.

அது ஆட்டையே பார்த்ததில்லை.
மாசி மாதம், நரசிங்கம் சாலை,
யானைமலையின் நிழல் அறுத்த வயலைவிட்டு
இன்னும் எழுந்திருக்கவில்லை.
கிடை ஆடுகள் குறுக்கே வந்தன,
நூறு, நூற்றிருபது.
கயிறு என் மணிக்கட்டில் இரண்டு சுற்று.
அது குரைக்கவில்லை.
வயிற்றைத் தாரோடு ஒட்டிப் படுத்தது.
அப்புறம் பார்த்தால்
கயிறும் கழுத்துப்பட்டையும் என்னிடம் இருந்தன.

"ஏய், நாயப் புடி! நாயப் புடி!"
ஓங்கிய கம்பு ஓங்கியபடியே நின்றது.
ஒரு ஆட்டையும் அது தொடவில்லை.
தள்ளி, ரொம்பத் தள்ளி,
வாய்க்காலைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு,
லாரி வரும் பக்கம் ஒதுங்கிய இரண்டு குட்டிகளுக்கு
அந்தப்புறமாய்ப் போய்ச்
சும்மா நின்றது.
குட்டிகள் யோசித்தன.
திரும்பி நடந்தன.

"யாரு பழக்குனது?"
"யாருமில்ல."
மாயழகு என்றார், திருவாடானைப் பக்கமாம்.
பத்தாயிரமும் ஒரு கிடாயும் தருகிறேன் என்றார்.
தலையாட்டி மறுத்தேன்.
அவருக்குக் கோபமில்லை, நிஜமாகவே புரியவில்லை.
"வீட்டுக்குள்ள வச்சு
இது என்னம்மா செய்யும்?"

செய்யும்.
ராத்திரி பதினொன்றரைக்கு
மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர்
சேவுகப்பெருமாள் வந்து செருப்பைக் கழற்றும்வரை
வாசற்படியில் உட்கார்ந்திருக்கும்.
உள்ளே வந்து மகனை ஒருமுறை முகரும்,
அடுப்படியில் என்னை,
பிறகு கதவை அடைத்துக் குறுக்கே படுக்கும்.
கணக்கு முடிந்தது.

அன்று ராத்திரி அது தூங்கிய பிறகும்
நான்கு கால்களும் ஓடிக்கொண்டிருந்தன.
முன்னெல்லாம் இதைப் பார்த்துச் சிரிப்போம்.
எத்தனை ஆடுகளைச் சுற்றுகிறதோ அங்கே.
இங்கே நாங்கள்
மூன்றே பேர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரிடம் சொன்னேன்:
"மொட்டை மாடிக்குப் போயி
தொட்டிக்குப் பின்னால கொஞ்ச நேரம் ஒளிஞ்சுக்கங்க."
"எதுக்குடி?"
"போங்களேன்."
மகனைக் கடைசி வீட்டுச் சந்துக்குள் அனுப்பினேன்.
நானும் செருப்பை மாட்டிக்கொண்டு,
கதவைத் திறந்து போட்டுவிட்டு,
வரப்பு பக்கமாய்
வழிதவறி நடந்தேன்.