ஏழு

கோப்பின் வால் எஸ்.ஏ.வி.
எழுத்தெழுத்தாகத்தான் சொல்வேன்.
சேர்த்துச் சொன்னால்
எதிர்முனையில் "யார் வீட்ல?" என்பார்கள்.

பாகாவ். டோபிக் கடைக்கு மேல்மாடியில் என் அறை.
கீழே உலர்த்தி சுற்றும்போதெல்லாம்
மேசையும் தான் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளும்.
காலை ஒன்பதுக்கு ஹேமலோஜனி கோர்ட்டில் நிற்க வேண்டும்.
தொண்ணூற்றெட்டில் எடுத்த கணக்கு,
கெம்பாஸ் தோட்டம், இருநூற்றுப் பதினொரு வீடு.
எக்செல்லில் வேணும், அவ்வளவுதான் என்றாள்.
அவ்வளவுதான்.

கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டினேன்:
கருவியின் பெயர், பழைய கோப்பு, புதிய கோப்பு.
"அப்படி ஒரு கோப்புறை இல்லை" என்றது.
வீட்டுக்கொரு தாளாகப் பிரிக்கச் சொல்லியிருந்தேன்,
தலைவர் பெயரில்.
அஞ்சலை ஏ/பி குப்பன்.
சாய்கோட்டைக் கண்டதும்
'அஞ்சலை ஏ' என்று ஓர் அறை இருப்பதாக நம்பி
அதற்குள் 'பி குப்பன்' என்பவரைக்
குடிவைக்கப் போயிருக்கிறது.
இந்த நாட்டில் நம் பெயர்களுக்கு நடுவே
ஒரு கோடு சாய்ந்து நிற்பதை
அதை எழுதியவர் எங்கே கண்டார்.
கோட்டை எடுத்தேன். ஓடியது.

மூன்று விநாடி.
சொற்கள் உதிர்ந்து எண்கள் மட்டும்.
1 பால்வெட்டு, 2 வெளிக்காடு, 3 ஆலை:
பழைய கோப்பின் வயிற்றில் இருந்தது, தோண்டி எடுத்தேன்.
நிர்வாகம் வீடு தருவதாகச் சொன்னதா?
1 ஆம், 2 இல்லை.
எட்டாம் லயம் முழுக்க 7.
இருபத்து மூன்று ஏழு, ஒன்றன்கீழ் ஒன்றாக.
அதற்கு மட்டும் எங்கும் விளக்கம் இல்லை.

இரவு பத்தே முக்காலுக்கு மதியழகனைக் கூப்பிட்டேன்.
அன்று வீடு வீடாகப் போனவர், இன்று டயர் கடை.
"ஏழா?"
கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும்.
"அன்னிக்கு நல்ல மழைங்க. பாலத்துல தண்ணி.
அந்தப் பக்கமே போகல.
கொசோங்கா விட்டா மேல ஏசுவாங்க.
ஏழு போட்டேன்."

கொசோங்.
சுழியத்துக்கும் அதே சொல்,
காலி லோரிக்கும், பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணிக்கும்.
கருவிக்கு அந்தத் தாராளம் கிடையாது.
சுழியம் ஒரு பதில்.
காலி, யாரும் போய்க் கேட்காத கேள்வி.

ஏழையெல்லாம் ஒன்றாக்கினால்
வழக்குக்கு நல்லது.
ஹேமலோஜனி அப்படிக் கேட்கவில்லை.
நான்தான் நினைத்தேன்,
ஒரு கோப்பி ஆறும்வரை.

பிறகு வரியின் கடைசியில் சேர்த்தேன்:
ஏழு என்றால் விடுபட்டது.
மறுபடி மூன்று விநாடி.
இருபத்து மூன்று இடத்திலும் ஒரு புள்ளி.

புள்ளி வைத்தால் உயிர் போகும், மெய் நிற்கும்.
வெறும் எழுத்துக் கணக்குதான்.
கீழே உலர்த்தி நின்றிருந்தது.

காலை ஏழரைக்கு அவளிடமிருந்து செய்தி:
"இருபத்து மூணு குறையுதே?"
நடந்ததை எழுதினேன்.
தட்டுகிறாள், நிறுத்துகிறாள், தட்டுகிறாள்.
"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

பஸ் ஸ்டேசனுக்குப் பின்னால் அடுக்குமாடி, பாதிப்பேர்.
மீதியைத் தேட வேண்டும்.
சனிக்கிழமை என்றேன்.
இருபத்து மூன்று படிவம் அச்சடித்தேன்,
முதல் தாளில் கோட்டைத் திரும்பப் போட்டு,
அஞ்சலை ஏ/பி குப்பன்.
குடை ஒன்று வாங்க வேண்டும்.